பாலாவிச் சந்தியில் பார்ப்போம்

பாண்காரர் எங்கள் படலையடியில் மணி அடிப்பதை நிறுத்திக்கொண்டார். எங்கள் எத்தாளை ஊரில் மற்ற எல்லா வீட்டு வாசலிலும் அவருடைய சைக்கிள் நின்றது. எங்கள் வேலி வந்ததும் மட்டும் நாய் துரத்துகிறாற்போல மிதித்துக்கொண்டு போனார். எங்களிடம் நாய் இல்லை. நானும் என் மனைவியும்தான் இருந்தோம்.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் நான் வெளியே வந்து, உள்ளே பார்த்துக் கேட்பேன்.

"பாண் எடுப்பமா, இடியப்பம் அவிக்கிறியா?"

"ஒங்கட விருப்பம்."

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். ஒனக்கு எது லேசு?"

"நீங்க எதத் திம்பீங்களோ அது."

"நான் எதையும் திம்பன்."

"அப்ப பாண் எடுங்க."

"ஏன், அவிக்கப் பஞ்சியா?"

"சரி, அப்ப இடியப்பம்."

"இல்ல புள்ள, நான் சும்மா கேட்ட."

இதற்குள் பாண்காரர் பெட்டியைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்து, ஈ விரட்டி, கடைசியில் "நானா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு நாளைக்குச் சொல்லுங்க" என்று போய்விடுவார். அன்றைக்கு இரவு நாங்கள் வெறும் தேத்தண்ணியில் விஸ்கோத்தைத் தோய்த்துச் சாப்பிடுவோம். அவளுக்காக நான் விட்டுக்கொடுத்ததாக நானும், எனக்காகத் தான் விட்டுக்கொடுத்ததாக அவளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்போம்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குச் சம்பளமே முடிவெடுப்பதற்குத்தான். களப்போரத்து வாடியொன்றில் இறால் தரம் பிரிக்கிற வேலை. கூடை கூடையாகக் கொட்டுவார்கள். பெரிது இந்தப் பக்கம், நடுத்தரம் அந்தப் பக்கம், நசிந்தது வாளிக்குள் என்று என் கை கண்ணை முந்திக்கொண்டு ஓடும். முதலாளி வந்து பார்த்து, "இவன்ட கைக்கு யோசனையே இல்ல" என்று மெச்சுவார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் அதே கை, தலைகணியை எந்தப் பக்கம் போடுவது என்று மனைவியைக் கேட்கும்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவன். மாமா மௌத்தாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆகவே வீட்டில் ஆம்பிளை என்று எண்ணினால் நான் ஒருவன்தான். எண்ணுகிறவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் எண்ணுவார்கள். மிச்சம் மாமி, என் மனைவி, மனைவியின் தங்கையான என் மச்சி. இந்தத் தங்கைக்குப் புத்தளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை லொறி ஓடுகிறவர், நல்ல பிள்ளை, மாமிக்கு நிரம்பப் பிடித்துப்போயிற்று. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூடவே மாப்பிள்ளையின் பெரியவாப்பா ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தார்: இழுவல் கதை தங்களுக்குச் சரிவராது, எதுவென்றாலும் அன்றைக்கே பேசி முடிக்க வேண்டும், குறிஞ்சிப்பிட்டியில் இன்னொரு வீடும் பார்க்க இருக்கிறது.

மாமி என்னைக் கூப்பிட்டு எதிரில் இருத்தினார்.

"மருமகன், பெரிய மனுசன் கேக்கிறதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும். பொம்பள நான் போய்ச் சபையில கதைக்க ஏலாது. கேட்டா டக்கெண்டு சொல்லணும், வெளங்கிச்சா?"

"டக்கெண்டு சொல்றன் மாமி."

"என்ன சொல்லுவீங்க?"

நான் மனைவியைப் பார்த்தேன். மாமி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் கதவுச்சீலைப் பிரச்சினை வந்து சேர்ந்தது. ஆம்பிளைகள் வீட்டு மண்டபத்தில் இருப்பார்கள், பெண்கள் உள்ளறையில். நடுவில் வாசலில் ஒரு சீலை தொங்க வேண்டும். சீலை இல்லாமல் பெண் பார்க்க ஆட்களைக் கூப்பிடுவதும் கூரை இல்லாமல் கூப்பிடுவதும் ஒன்றுதான். இருந்த பழைய சீலையை என் மனைவி போன கிழமை தலைகணி உறையாக வெட்டித் தைத்துவிட்டாள். யாரையும் கேட்காமல் எங்கள் வீட்டில் எடுக்கப்பட்ட ஒரே முடிவு அதுதான். அதுவும் பிழையாய்ப் போயிற்று.

சீலை வாங்கப் புத்தளம் போவதா, சிலாபம் போவதா? புத்தளம் கிட்ட, ஆனால் சிலாபத்தில் தினுசு அதிகம். சிலாபத்தில் தினுசு அதிகம் என்பதால் தெரிந்தெடுக்க நேரம் போகும். நேரம் போனால் பாதை மூடிவிடும். யுத்த காலம், பொழுதுபட முந்திச் சோதனைச் சாவடியைக் கடந்து திரும்பாவிட்டால் அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். வியாழக்கிழமை காலையில் தேத்தண்ணி ஆறும்வரை இதைக் கதைத்தோம். கடைசியில் நான்தான் வழி கண்டுபிடித்தேன். பஸ் எப்படியும் பாலாவிச் சந்திக்குத்தான் போகும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் புத்தளம், வலப்பக்கம் சிலாபம். "சந்தியில இறங்கிப் பார்ப்பம்" என்றேன். அவளும் "அது நல்லம்" என்றாள். ஒரு முடிவைத் தள்ளிப் போடுவதில் மட்டும் எங்களுக்குள் அப்படியொரு ஒற்றுமை.

பஸ்ஸில் கொண்டக்டர் எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க நானா?"

"பாலாவி மட்டும் ரெண்டு தாங்க."

"பாலாவியில என்ன இரிக்கி?"

"ஒண்டும் இல்ல. அங்க போய்த்தான் யோசிக்கணும்."

அவர் டிக்கெட்டைக் கிழித்த வேகத்தில் என் விரலும் பாதி கிழிந்தது.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வழமைதான். ஆம்பிளைகள் ஒரு வரிசை, பெண்கள் கிடுகு மறைப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு வரிசை. அடையாள அட்டையைக் காட்டி, போகிற இடத்தைச் சொல்லி, அந்தப் பக்கம் நடந்துபோய் பஸ்ஸில் ஏற வேண்டும். என் முறை வந்தது. ஆமிக்காரன் சிங்களத்தில் எங்கே போகிறாய் என்று கேட்டான். எனக்குச் சிங்களம் அரைகுறை. துவக்கைப் பார்த்தால் அந்த அரையும் போய்க் குறைதான் மிஞ்சும். "ஹலாவத" என்றேன். சிலாபத்துக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். அந்த நேரத்தில் என் வாயில் பிழையில்லாமல் வந்த ஒரே சொல்லும் அதுதான். சிலாபம் போகும் எண்ணத்தில் நான் அதைச் சொல்லவில்லை.

அட்டையை நீட்டியபோதுதான் மனைவியின் அட்டையும் என் சட்டைப் பையிலேயே இருப்பது தெரிந்தது. அதே நேரம் மறைப்புக்குப் பின்னால் ஒரு பெண் ஆமியின் சத்தம் கேட்டது. அட்டை இல்லாமல் ஒருத்தி நிற்கிறாள், புருஷனிடம் இருக்கிறது என்கிறாள், புத்தளம் போவதாகச் சொல்கிறாள். எனக்கு முன்னால் நின்ற ஆமிக்காரன் என்னைத் திரும்பப் பார்த்தான். என் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தான். பிறகு எங்கள் இருவரையும் ஒதுக்கி, மரத்தடியில் இருந்த சார்ஜனிடம் கொண்டுபோனான்.

அந்தக் காலத்தில் பஸ்ஸால் இறக்கி ஒதுக்கப்பட்ட எல்லாரும் திரும்பி ஏறவில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்திலும் என் மனைவி காதோடு கேட்டாள்: "மணி என்ன? கட பூட்டுமா?"

சார்ஜன் அப்போதுதான் ஒரு தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோயிருந்தார். எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"டிக்கெட் பாலாவிக்கு," என்றார் சிங்களத்தில், நிதானமாக. "நீ போறது சிலாபத்துக்கு. மனுசி போறது புத்தளத்துக்கு. உண்மையில ரெண்டு பேரும் எங்க போறீங்க?"

"இன்னும் தெரியாது, சேர்" என்றேன்.

உண்மை பேசுவது நல்லதுதான். ஆனால் சோதனைச் சாவடியில் இப்படிப்பட்ட உண்மையைப் பேசக்கூடாது. சார்ஜனின் முகம் மாறியது. என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று கேட்டார். கதவுச்சீலை வாங்க என்றேன். என்ன மாதிரிச் சீலை என்றார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "பூப் போட்டது" என்று நானும் "கோடு போட்டது" என்று அவளும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

சார்ஜன் கோப்பைக்கு மேல் ஒரு தட்டை வைத்து மூடினார்.

பஸ்ஸில் ஏறிவிட்ட சனம் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தது. ட்ரைவர் ஹோர்ன் அடித்தார். முதலில் இறங்கி வந்தவர் கொண்டக்டர். "சேர், இவங்க என்னட்டயும் இப்பிடித்தான்" என்று கையை விரித்தார். அவருக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் கோழி வளர்க்கிற ராத்தா வந்தார். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட மோசம். ஆனால் அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லாததால் நன்றாக ஓடும்.

"சேர், இவங்க பொல்லாத ஆக்கள் இல்ல. இவங்க ஒண்டுக்கும் ஒதவாத ஆக்கள்."

"எப்படித் தெரியும்?"

"என்னட்டக் கோழி வாங்க வந்தாங்க சேர். வெள்ளயா செவப்பா, வெள்ளயா செவப்பா எண்டு நிண்டாங்க. நிக்கக்குள்ள செவப்புக் கோழி முட்ட போட்டிட்டு! பொறகு முட்ட ஆருக்கு எண்டு வேற நிண்டாங்க. நான் ரெண்டு பேரையும் விளக்குமாத்தால வெரட்டின."

யன்னல்களில் சிரிப்புக் கிளம்பிற்று. அதோடு பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எங்களைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு முகம் தெரியாத ஒருவர் கூடப் பின்சீட்டிலிருந்து, பள்ளிவாசலில் வலது கதவால் நுழைவதா இடது கதவால் நுழைவதா என்று நான் நின்ற கதையைச் சொன்னார். உயிரைக் காப்பாற்றத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்தாலும், ஒரு கட்டத்தில் சார்ஜன் என்னைப் பிடித்துக்கொண்டு போனால்கூடப் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

சார்ஜனுக்கு உதடு துடித்தது. அதை அடக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் தள்ளித் தள்ளி நிறுத்தினார். தான் கையைத் தட்டினதும் ரெண்டு பேரும் ஒரு ஊர்ப் பெயர் சொல்ல வேண்டும், ஒரே ஊராக இருந்தால் போகலாம் என்றார். தட்டினார்.

அவள் புத்தளம் என்றாளே, அதற்கே ஒத்துப்போவோம் என்று நான் "புத்தளம்" என்றேன். நான் சிலாபம் என்றேனே, அதற்கே ஒத்துப்போவோம் என்று அவள் "சிலாபம்" என்றாள்.

பஸ் முழுக்க ஒரே குரலில் முனகியது. ட்ரைவர் ஹோர்னில் தலையை வைத்துப் படுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அது நெடுநேரம் அலறியது. சார்ஜன் எழுந்து, ஆறிப்போன தேத்தண்ணியை மணலில் ஊற்றிவிட்டு, என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"நீ வாய் திறக்கக் கூடாது. நோனா, நீங்க சொல்லுங்க. எந்த ஊர்?"

"புத்தளம்."

"என்ன நிறம்?"

"பச்ச."

"பூவா, கோடா?"

"கோடு."

நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் என்னைப் பார்த்தான். மூடினேன். எங்கள் கலியாண வாழ்க்கையில் மூன்று விஷயம் ஒரே மூச்சில் முடிந்தது அதுதான் முதல்முறை. பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு, வீட்டிலும் ஓர் ஆமிக்காரனை நிறுத்திவைத்தால் குடும்பம் எவ்வளவு ஒழுங்காக நடக்கும் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பாலாவியில் இறங்கிப் புத்தளம் பஸ்ஸில் ஏறியபோது இருவரும் அந்தச் சந்தியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

புத்தளத்துக்குக் கிட்டத் தில்லையடியில், வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வெறுங்கையோடு வந்த ஒருவர் வீட்டு முன்னறையிலேயே துணிக்கடை வைத்திருந்தார். பச்சையில் கோடு முடிந்துவிட்டது, நீலத்தில்தான் இருக்கிறது என்றார். நீலத்தில் கோடும் இருந்தது, இலையும் இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது. நான் உடனே வெளியே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சார்ஜனின் முறைதான், தனித் தனி வரிசை. உள்ளே அவள் ஒருத்தியே தெரிந்தெடுத்தாள். நன்றாகத்தான் போயிற்று, கடைக்காரர் கத்திரிக்கோலை எடுத்து "எத்தின யார் நீளம் வெட்ட?" என்று கேட்கும் வரை.

அவள் வாசலுக்கு ஓடி வந்தாள். "கதவுட அளவு என்ன?"

"நீ அளக்கலியா?"

"ஆம்பிளதானே அளப்பாங்க!"

"வீடு ஒங்கடதானே, ஒனக்குத் தெரியாதா?"

கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். பாதை மூடுகிற நேரம் அவருக்கும் தெரியும். என் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கதவு நிலையில் என் தலை முட்டும் அல்லவா? அப்படியென்றால் கதவும் நானும் ஒரே உயரம். என்னை உள்ளே இழுத்துச் சுவரோடு நிறுத்தினாள். கடைக்காரர் உச்சந்தலையிலிருந்து குதிக்கால் வரை நாடா பிடித்து, வெட்டி, சுற்றி, கையில் தந்தார்.

திரும்புகிற வழியில் அதே சார்ஜன் யன்னலடிக்கு வந்து பார்சலைத் திறந்து காட்டச் சொன்னார். நீலத்தைப் பார்த்தார். "பச்சை எண்டீங்களே?" என்றார். நான் விளக்கம் சொல்ல எடுத்தேன். வேண்டாம், போங்கள் என்று கையைக் காட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து சீலையைக் கட்டினேன். அது தரைக்கு வரவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றுவிட்டது. ஒரு வருஷமாக அந்த நிலையில் முட்டாமல் குனிந்து குனிந்து, நேராக நிற்கச் சொன்னாலும் நான் கூனித்தான் நிற்கிறேன் என்பதை யாரும் யோசிக்கவில்லை. மேலும் கீழும் மடித்துத் தைத்ததில் இன்னும் ஒரு சாண் போயிருந்தது.

மாமி வந்து பார்த்தார். "மருமகன், இது கதவுக்கா, ஜன்னலுக்கா?"

"ஒட்டுத் துண்டு வெச்சித் தெப்பமா?" என்றாள் என் மனைவி. "இல்லாட்டி அவுத்திட்டு..."

"இல்லாட்டி கம்பிய எறக்கி..." என்றேன் நான்.

அதற்குள் அஸர் பாங்கு சொல்லிவிட்டது. கொஞ்ச நேரத்தில் வான் வந்து நின்ற சத்தமும் கேட்டது.

பெரியவாப்பா எனக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவருடைய தம்பி பக்கத்தில். அவர்கள் வீட்டுப் பெண்கள் உள்ளே போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, மாமியோடு பின்முற்றத்து அடுப்படிப் பக்கம் போனார்கள். ஸலாம், சுகம், கடலுக்குப் போகிற பாஸ் கெடுபிடி எல்லாம் பேசி முடிந்தது. பெரியவாப்பா தொண்டையைச் செருமினார்.

"எங்களுக்குப் புள்ளயப் பிடிச்சிரிக்கி. இப்ப நாள். கலியாணத்த நோன்புக்கு முந்தி வெப்பமா, பெருநாள் கழிச்சி வெப்பமா? எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான். ஒங்கட விருப்பம்."

அந்தச் சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தாரோ! அவருடைய கண் ஒருமுறை படலைப் பக்கம் போய் வந்தது. வானில் ட்ரைவர் இறங்காமலே இருந்தார். மாமியின் ஆசை, மச்சியின் எதிர்காலம் எல்லாம் என் நாக்கு நுனியில் வந்து குந்திக்கொண்டன. நான் தலையைக் குனிந்தேன்.

குனிந்த இடத்தில், குட்டைச் சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. என் மனைவியின் பாதங்கள். சின்ன விரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக் குந்தியிருக்கும். ஆயிரம் பாதங்களுக்குள்ளும் எனக்குத் தெரியும். எனக்கு உயிர் வந்தது. நேரம் கடத்துவதற்காக, "நோன்புக்கு முந்தியெண்டா..." என்று இழுத்தேன்.

வலது பாதம் எழும்பி நிலத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

"...சரிவராது," என்றேன். "பெருநாள் கழிச்சி வெப்பம்."

பாதம் அமைதியாக இருந்தது.

"நிக்காஹ் பள்ளியிலயா, வீட்டிலயா?"

"வீட்டில..." மிதி. "...எடம் காணாது. பள்ளியிலதான்."

"சாப்பாடு பகலைக்கா, ராவைக்கா?"

"பகலைக்கு." அமைதி. "ஓம், பகலைக்குத்தான்."

பெரியவாப்பா தம்பியின் தொடையில் தட்டினார். "பாத்தியா? இதுதான் ஆம்பிள. சுணக்கமில்ல, இழுவல் இல்ல." நான் இறால் கூடைக்கு முன்னால் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தேன். ஒரு வருஷமாகக் குனிந்த முதுகு கதிரையில் பட்டு நொந்தது.

அப்போது முற்றத்துப் பக்க யன்னலில் ஒரு கை தெரிந்தது. "இஞ்ச பாருங்க, தட்ட வாங்குங்க" என்றது என் மனைவியின் குரல்.

நான் யன்னலைப் பார்த்தேன். திரும்பிச் சீலையைப் பார்த்தேன். பாதங்கள் அங்கேயேதான் நின்றன. அந்தச் சின்ன விரல் குடும்பத்துச் சொத்து என்பது எனக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

தட்டை வாங்கப் போனபோது கிசுகிசுப்பாகக் கேட்டேன். "நீ இவ்வளவு நேரம் எங்க நிண்ட?"

"அடுப்படியில. நன்னாரி குடுக்கிறதா, தேத்தண்ணி குடுக்கிறதா எண்டு உம்மாவும் நானும்... சரி, ரெண்டையும் ஊத்தினன். அவங்கட விருப்பம்."

தட்டில் இரண்டு வகையும் இருந்தன. பெரியவாப்பாவின் கை நன்னாரிக்குப் போய், தேத்தண்ணிக்கு வந்து, நடுவில் நின்றது. தம்பியைப் பார்த்தார். "நீ எதக் குடிக்கிற?" தம்பி, "நீங்க எதக் குடிக்கிறீங்களோ அது" என்றார். பயப்பட ஒன்றுமில்லாத இடத்தில்தான் பிள்ளையைக் கொடுக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் நிம்மதி வந்தது.

வான் போன பிறகு சீலையை விலக்கிக்கொண்டு மச்சி வெளியே வந்தாள். சபைக்குப் பக்கத்தில் நின்று காலால் மிதித்த பெண்ணை அவளுடைய உம்மா இரண்டு வார்த்தை ஏசியிருக்க வேண்டும். மாமிக்குச் சந்தோஷத்தில் அது மறந்துபோயிற்று.

"நல்ல காலம் மச்சி," என்றேன். "நீ நிக்காட்டி நான் நோன்புக்கு முந்தியெண்டுதான் சொல்லியிருப்பன்."

"நானும் அதுதான் சொல்லியிருப்பன்," என்றாள் என் மனைவி, ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்து. கலியாணம் முடித்ததிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பதிலை நினைத்திருந்தது அன்றைக்குத்தான்.

"தெரியும்," என்றாள் மச்சி. "புது மாப்பிளைக்கு நோன்பு மாசம் முழுக்க விடிய முந்தி சஹருக்கு எழும்பி ஆக்கிப்போட எனக்கென்ன பைத்தியமா? அதுக்குத்தான் மிதிச்ச."